டீ மேக்கரின் வாய்

கல்யாணமாகி இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆன பிறகுதான் என் கணவருடைய வாய்க்குள் என்ன இருக்கிறது என்று ஒழுங்காகப் பார்த்தேன். அதுவரை அதற்கு அவசியம் வரவில்லை. அந்த வாயிலிருந்து வெளியே வருவதைக் கேட்டுச் சமாளிப்பதே எனக்குப் போதுமான வேலையாக இருந்தது.

நான் குன்னூருக்கு மேலே ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் அதே எஸ்டேட்டின் ஃபேக்டரியில் டீ மேக்கர். டீ மேக்கர் என்றால் டீ போட்டுக் கொடுக்கிறவர் என்று கீழே கோயமுத்தூர்ப் பக்கம் இருக்கும் என் சொந்தக்காரர்கள் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பேச்சு நடந்தபோது என் சித்தப்பா, "மாப்பிள்ளை எந்தக் கடையில இருக்கறாருங்க?" என்று கேட்டே விட்டார். பறித்த பச்சை இலை ஃபேக்டரிக்குள் வந்ததிலிருந்து தூளாகி மூட்டைக்குள் போகிற வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பு டீ மேக்கர்தான். இலை எவ்வளவு வாட வேண்டும், எந்தச் சூட்டில் உலர வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான் முடிவு. அந்த முடிவுகளை எடுக்க அவர் நம்பியது தன் வாயை.

தினமும் காலையில் முந்தின நாள் தூளை வகைவாரியாக வெள்ளைக் கோப்பைகளில் ஊறவைத்து ஜன்னலோரம் வரிசையாக வைப்பார்கள். அவர் ஒவ்வொன்றிலும் ஸ்பூனை விட்டு எடுத்து, வாயருகே கொண்டுபோய், காற்றோடு சேர்த்துச் சர்ரென்று உறிஞ்சுவார். அந்தச் சத்தம் வாசல் வரை கேட்கும். வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி, கன்னத்தில் கொஞ்சம் நிறுத்தி, பக்கத்து வாளியில் துப்பிவிடுவார். விழுங்கவே மாட்டார். பிறகு ஒரு வார்த்தை சொல்வார். சரியாக இருந்தால் "போடலாம்." மூட்டை போடலாம் என்று அர்த்தம். சரியில்லையென்றால் "வேண்டாம்." நன்றாக இருக்கிறது என்று அவர் எந்தத் தேயிலையையும் பாராட்டி யாரும் கேட்டதில்லை.

வீட்டிலும் அதே கதைதான். பாடுபட்டு ஒரு குழம்பு வைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "போடலாம்" என்பார். கல்யாணமான புதிதில் இதற்காக நான் இரண்டு மூன்று நாள் பேசாமல்கூட இருந்திருக்கிறேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

வாயை அவர் ஒரு கருவியாகவே வைத்திருந்தார். வெற்றிலை கிடையாது, பீடி சிகரெட் கிடையாது, காலையில் பச்சை வெங்காயம்கூடத் தொடமாட்டார். எஸ்டேட்டில் குளிருக்கு வெற்றிலை போடாத ஆளைப் பார்ப்பது அபூர்வம். இவர் வாய் மட்டும் கழுவிவைத்த பாத்திரம். அதைவிட வேடிக்கை, வீட்டில் அவர் டீ குடிக்கமாட்டார். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள். மாமியார் இருந்தவரை "தேத்தண்ணி ஊத்தட்டா?" என்று மகனைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். "நாள் முழுக்க அதோடதான் இருக்கேன், ஊட்டுக்கு வந்துமா?" என்று வெந்நீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்.

நோய் முதலில் தலைகாட்டியதும் அந்த வாயில்தான். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. பிரஷ் முரடு என்று சொல்லிப் புது பிரஷ் வாங்கினார். பிறகு ஃபேக்டரிப் படியேற மூச்சு வாங்கியது. தொடையில் காரணமில்லாமல் கருநீலத் திட்டுக்கள். அந்தத் திட்டுக்களைப் பார்த்த அன்றே எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ரத்தம் எடுத்து அனுப்பினேன். ரிசல்ட் வந்த அன்றே கோயமுத்தூருக்குப் போகச் சொன்னார்கள். ரத்தப் புற்றுநோய்.

அங்கே இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாகப் பேசினார். மருந்து கெட்ட அணுக்களைக் கொல்லும், ஆனால் நல்லது கெட்டது பார்க்காது, வாய்க்குள் இருக்கிற மெல்லிய தோலையும் சேர்த்து அழிக்கும், அந்த நேரத்தில் கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்களும் குறைந்துபோயிருக்கும் என்றார். காலமெல்லாம் வாயில் சும்மா குடியிருந்த கிருமிகள் அப்போது ரத்தத்துக்குள் இறங்கிவிடும். சிலருக்கு நோயைவிட அதுதான் உயிருக்கே வினையாகிவிடும். இதெல்லாம் நான் படித்ததுதான். படித்ததைச் சொந்தப் புருஷனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேட்பது வேறு.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வாய் ருசி போயிருமுங்களா டாக்டர்?"

"கொஞ்ச நாளைக்குப் போகலாம். பெரும்பாலும் திரும்ப வந்துரும். வாயைப் புண்ணில்லாம பார்த்துக்கணும். அதுதான் முக்கியம்."

வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். உயிர் போகுமா என்று கேட்காமல் ருசி போகுமா என்று கேட்ட மனிதர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்குத் தைரியமும் வரும். "ரத்தத்தை டாக்டர் பார்த்துக்கட்டும். வாயை நான் பார்த்துக்கறனுங்க. அதை யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். வாழ்க்கையில் நான் கொடுத்த வாக்குகளில் இதுதான் பெரியது.

மருந்து ஏற்றுவதற்கு முன்பே பல் டாக்டரிடம் கூட்டிப்போய், ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லை எடுத்தாயிற்று. மேலே முன்பக்கம் அவருக்குக் கழற்றி மாட்டுகிற பல் செட் ஒன்று உண்டு. அதைக் கழற்றி டப்பாவில் வைத்தேன். சிரித்தால் முன்னால் ஓட்டையாகத் தெரிந்தது. "இப்பத்தான் எங்க மாமனார் ஜாடை வருது" என்று கிண்டல் செய்தேன். "அவரு இருந்திருந்தா உன்னைய வாயை மூடச் சொல்லியிருப்பாரு" என்றார். சிரித்தோம். அன்றைக்கு இரண்டு பேருக்கும் அது தேவையாக இருந்தது.

பிறகு தொடங்கியது என் வேலை. கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு, படுக்கும் முன், நடுநடுவிலும் கொப்பளிக்க வேண்டும். கடையில் விற்கிற காரமான மவுத்வாஷ் கூடாது, எரியும், வாயைக் காயவைக்கும். குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் இறங்கிவிட்ட நாட்களில் அதுவும் கூடாது, ஸ்பாஞ்ச் குச்சியால் துடைப்பதோடு சரி. உதட்டுக்கு வாசலின். காரம், சூடு, முறுக்கு, அப்பளம், எதுவும் வேண்டாம். குழைந்த சோறு, ஆறின கஞ்சி. காலையும் மாலையும் ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, "வாயைத் திறங்க" என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். நாக்கு, நாக்குக்கு அடியில், இரண்டு கன்னங்களின் உள்பக்கம், அண்ணம், தொண்டை. சிவப்பு இருக்கிறதா, வெள்ளைப் படலம் இருக்கிறதா, ரத்தம் கசிகிறதா என்று தேடுவேன்.

நர்ஸ் வேலையில் இது யார் கண்ணிலும் படாத வேலை. ஊசி போட்டால் நர்ஸ் என்று தெரியும். வாய் துடைத்தால் ஆயா என்று நினைப்பார்கள். கோயமுத்தூர் வார்டில் இருந்த மலையாளி சிஸ்டர் ஒருத்தி மட்டும் நான் செய்வதைப் பார்த்துவிட்டு, "சேச்சி நர்ஸாணு, அல்லே?" என்று கேட்டாள். என் கை பதறாமல் போவதைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

என் ஆள் இதற்கென்றே பிறந்த நோயாளி. மற்றவர்கள் கொப்பளிக்கச் சொன்னால் வாயில் வைத்து உடனே துப்புவார்கள். இவர் அதையும் உறிஞ்சினார். சர்ரென்று சத்தம். வாயின் மூலைமுடுக்கெல்லாம் சுற்றிவிட்டுக் கன்னத்தில் நிறுத்தி, நான் பிடித்திருக்கும் தட்டில் துப்புவார். அடுத்த கட்டிலில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். "எப்படி இருக்குங்க?" என்று வேண்டுமென்றே கேட்பேன். "சோடா தூக்கல். வேண்டாம்" என்பார். மறுநாள் குறைத்துப் போட்டால், "போடலாம்." இரண்டு சுற்று மருந்து முடிந்தும் அந்த வாயில் ஒரு புண் வரவில்லை. டாக்டரே ஆச்சரியப்பட்டார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

மூன்றாவது சுற்று முடிந்ததும் வீட்டுக்குப் போகட்டுமா என்று அவரே டாக்டரிடம் கேட்டார். அணுக்கள் இறங்கும் நாட்களில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பதுதான் நல்லது. ஆனால் கீழே அந்த வெயிலில் ஒரு ரூமுக்குள் அடைந்துகிடந்து அவர் சாப்பாட்டையே ஒதுக்க ஆரம்பித்திருந்தார். நான் நர்ஸ் என்பதால் டாக்டர் ஒத்துக்கொண்டார். காய்ச்சல் என்று தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மலையிறங்க வேண்டும் என்பது பேச்சு.

குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு பக்கெட் தண்ணீரும் சோப்பும் வைத்தேன். கை கழுவாமல் யாரும் படியேறக் கூடாது. பூ கூடாது, பழக்கூடை கூடாது. ஏழெட்டுக் குடும்பங்கள் வரிசையாக இருக்கும் லைனில் இதைச் சொல்வது எளிதல்ல. நோயாளியைப் பார்க்க வருகிறவர்களைக் கை கழுவச் சொன்னால், என் கை என்ன தீட்டா என்று கேட்பார்கள். கேட்டார்கள். அவருடைய அக்கா, "தம்பியத் தொட நான் சோப்புப் போடோணுமா?" என்று அழுதுகொண்டு திரும்பிப் போனார். மசினகுடிப் பக்கத்திலிருந்து ஒருவர் வாய்ப்புண்ணுக்கு நல்லதென்று காட்டுத்தேன் கொண்டுவந்தார். காய்ச்சாத தேனில் என்ன கிருமி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நன்றி சொல்லி வாங்கி அலமாரியில் பூட்டிவைத்தேன். திமிர் பிடித்த சிஸ்டர் என்று லைன் முழுக்கப் பெயர் வாங்கியதில் எனக்கு வருத்தமே இல்லை. எல்லாக் கதவையும் அடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபேக்டரிக் கதவை மறந்துபோனேன்.

அந்த ஃபேக்டரியில் ஒரு வழக்கம் உண்டு. டீ மேக்கர் வாய் வைக்காமல் ஒரு மூட்டையும் வெளியே போகாது. அவர் லீவில் இருந்தால் சாம்பிள் அவர் வீட்டுக்கு வரும். ஜலதோஷம் பிடித்துப் படுத்திருந்தபோதும் வந்திருக்கிறது, எங்கள் மகள் பிறந்த அன்றும் வந்திருக்கிறது. உடம்பு சரியில்லாமல் போனதிலிருந்து அசிஸ்டென்ட் டீ மேக்கர்தான் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வயதைத் தாண்டியவர், என் கணவர் கைபிடித்துப் பழக்கிய ஆள், அவரை அண்ணா என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிடுவார். அந்த வாரம் தூளில் ஏதோ ஒரு வாசம் தட்டியது. என்னவென்று பிடிபடவில்லை. மூட்டைகள் தேங்கி நின்றன. ஒரு மதியம் நான் ட்யூட்டியில் இருந்தபோது, கூடையில் கோப்பைகளும் தூளும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போனார். அதுதான் எனக்கு இன்றுவரை தாங்கமுடியாத விஷயம்.

சாயங்காலம் நான் வந்து, "வாயைத் திறங்க" என்று டார்ச் அடித்தேன். நாக்கு முழுக்கப் பழுப்பு.

"டீ குடிச்சீங்களா?"

"குடிக்கலை."

"பின்ன இதென்னங்க?"

"சாம்பிள் பார்த்தேன். துப்பீட்டேன்."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. அவர் கணக்கில் அது டீயே அல்ல. வெளியில் ஒன்றும் குடிக்காதீர்கள், சூடாக எதுவும் வேண்டாம் என்று நான் சொன்னதை இரண்டு ஆண்களும் சொல்லுக்குச் சொல் காப்பாற்றியிருக்கிறார்கள். குடித்தால்தானே தப்பு. கொதிக்கக் கொதிக்கத்தான் சாம்பிள் பார்க்க வேண்டும், ஆறினால் குறை தெரியாது. ஒரு வரிசைக் கோப்பை முழுவதும் அந்தச் சூட்டை அந்த மெல்லிய தோலில் உறிஞ்சி அடித்திருக்கிறார். ஃபேக்டரி ஸ்பூன், ஃபேக்டரிக் கோப்பை.

"புகை வாசம் புள்ள" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "டிரையர் ஹீட்டர்ல ட்யூப் எங்கியோ விட்டிருக்கு. அதான் புகை உள்ள போகுது. மூணாவது கோப்பையிலயே பிடிச்சுட்டேன்."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் பல மாதமாக நான் கேட்காதது. அதற்காகவே அவரை அடிக்கலாம் போல இருந்தது. அசிஸ்டென்டை போனில் கூப்பிட்டு வாயில் வந்தபடி திட்டினேன். "சாம்பிள்தானேங்கக்கா" என்று ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான்.

அண்ணத்தில் ஓர் இடம் சிவந்திருந்தது. காலையில் அதே இடம் கொப்புளமாகி உடைந்திருந்தது, கன்னத்தின் உள்ளே தயிர்த்துளி மாதிரி வெள்ளை. மதியத்துக்குள் குளிர் எடுத்தது. தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு நான் பையை எடுத்தேன். வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்று யோசிப்பதற்குள் அசிஸ்டென்ட் தன் காரோடு வாசலில் நின்றார். வேறு வழியில்லாமல் ஏறினேன். அவரோடு பேசுவதில்லை என்று மட்டும் முடிவெடுத்திருந்தேன்.

காட்டேரிப் பூங்கா தாண்டியதும் மூடுபனி. முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டு போனது. என் மடியில் தலையை வைத்திருந்த மனிதரின் நெற்றி கொதித்தது. வளைவுக்கு வளைவு அவர் உடம்பு என்மேல் சரிந்தது. பர்லியார் வந்தது. அவருடைய மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ட்யூப் மாத்தியாச்சா?"

முன்சீட்டிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே பதில் வந்தது. "மாத்தியாச்சுங்கண்ணா. புகை போயிருச்சுங்க."

"ரெண்டு பேரும் வாயை மூடீட்டு வாங்க" என்றேன். என் சபதம் அங்கேயே முடிந்துபோனது.

அடுத்து வந்த நாட்களை எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமல் விட்டால் இதை எழுதுவதற்கே அர்த்தமில்லை. வாய் முழுக்க வெந்துபோனது. கிருமி ரத்தத்தில் இறங்கியிருந்தது. எச்சில் விழுங்க முடியாமல் துணியில் வடியவிட்டார். சாப்பாடு, மருந்து, வலிக்கான ஊசி எல்லாம் நரம்பு வழியாகத்தான். உதடு ஒட்டிக்கொண்டு பிரித்தால் ரத்தம் வந்தது. அந்த நிலைமையில்தான் வாயை இன்னும் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். அவர் கையை உயர்த்தி வேண்டாம் என்று தடுப்பார், கண்ணோரம் தண்ணீர் வழியும். மலையாளி சிஸ்டர் என் பின்னால் நின்று, "விடாதீங்க சேச்சி. ஒண்ணு நீங்க செய்யணும், இல்லை நான் செய்வேன்" என்பாள். நான்தான் செய்தேன். வலி ஊசி வேலை செய்கிற நேரம் பார்த்து, காஸ் துணியை நனைத்து விரலில் சுற்றி, கன்னத்தின் உள்ளே மெதுவாக, பயந்து பயந்து துடைப்பேன். அவருக்கு வலிக்கிறது என்று எனக்குத் தெரியும், தெரிந்தே செய்தேன். அந்த நாட்களில் எனக்கு யார்மீதும் அன்பாக இருக்க முடியவில்லை, அவர்மீதுகூட. அந்த வாய்மீது மட்டும்தான் என் உயிர் இருந்தது.

டாக்டரிடம், சாம்பிளால்தான் வந்ததா என்று கேட்டேன். "அணுக்கள் இவ்வளவு கீழ இருக்கறப்ப எப்படி வேணும்னாலும் வந்திருக்கலாம். சூடுபட்ட இடம் வழி விட்டிருக்கும், அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்றார். எனக்கு முழுப் பழியையும் தூக்கி ஒருத்தர் தலையில் வைக்க வேண்டியிருந்தது. டாக்டர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கீழே பார்க்கிங்கில் அசிஸ்டென்ட் காருக்குள்ளேயே தூங்கி எழுந்துகொண்டிருந்தார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவருக்கு ஒரு பொட்டலம் இட்லி வாங்கிக் கொடுத்தேன். அதற்கு மேல் கோபத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க எனக்குத் தெம்பில்லை.

வெள்ளை அணுக்கள் ஏற ஆரம்பித்ததும் வாயும் ஆற ஆரம்பித்தது. அண்ணத்தில் புதுத்தோல் வந்த அன்று டார்ச்சை அணைக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் வாய் வலித்து மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தோம். ரத்தத்தில் நோய் தெரியவில்லை என்றார்கள். ஆனால் ருசி வரவில்லை. எதைக் கொடுத்தாலும் அட்டையை மெல்லுகிற மாதிரி இருக்கிறது என்றார். ஃபேக்டரிக்குப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அசிஸ்டென்ட் உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாராம், தான் ஸ்பூனைத் தொடமாட்டாராம். வீட்டில் என் குழம்புக்கு "போடலாம்" வருவது நின்றுபோனது. வருடக்கணக்காக எரிச்சலூட்டிய அந்த வார்த்தைக்காக நான் ஏங்கினேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

நான் கொப்பளிக்கிற தண்ணீரை நிறுத்தவில்லை. ஒரு காலை ட்யூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகக் கலந்து கொடுத்துவிட்டுப் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். சர்ரென்று சத்தம். சுற்றினார், நிறுத்தினார், துப்பினார்.

"உப்புப் போடலியா?"

சமையல்மேடையைப் பார்த்தேன். சோடா டப்பா மட்டும்தான் திறந்திருந்தது. உப்புச் சாடி மூடியே இருந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் பயந்துபோய், "உப்பில்லைன்னா என்ன, பரவால்ல" என்று என்னைத் தேற்றினார்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நன்றாக இருந்தோம். வெதுவெதுப்பாகத்தான் என்று நான் போட்ட நிபந்தனையோடு ஃபேக்டரியில் மறுபடியும் ஸ்பூன் பிடித்தார். மழைக்காலம் தொடங்கும் முன் மறுபடியும் மூச்சு வாங்கியது. தொடையில் திட்டு. இந்தத் தடவை டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்னும் மருந்து ஏற்றினால் உடம்பு தாங்காது, ஊட்டுக்கே கூட்டீட்டுப் போங்க, ரத்தம் மட்டும் வேணுங்கறப்ப ஏத்திக்கலாம் என்றார். கடைசியில், "இனி அவர் என்ன கேட்டாலும் குடுங்க" என்றார். நான் அத்தனை மாதம் காத்த எல்லாச் சட்டங்களையும் அந்த ஒரு வரி கலைத்துவிட்டது. என்ன வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று கேட்பது இவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ஆனால் வாய் என் பொறுப்பு. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஸ்பாஞ்ச் குச்சி, வாசலின், டார்ச் எல்லாம் தொடர்ந்தது. சாப்பாடு நின்றது, பேச்சு குறைந்தது. வாய் காய்ந்து போகாமல் நனைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் காலையில் நனைத்தபோது குச்சியை உதட்டால் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன்.

"தேத்தண்ணி."

அவருடைய அம்மா சொல்கிற சொல். அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். நானே அசிஸ்டென்டுக்கு போன் செய்தேன். "இன்னைக்குச் சாம்பிளை ஊட்டுக்குக் கொண்டாங்க" என்றேன். கால்மணி நேரத்தில் கூடையோடு வந்து, கை கழுவி, படியேறாமல் வாசலிலேயே நின்றார். நான் கூடையை வாங்கி உள்ளே கூப்பிட்டேன். தண்ணீரை நானே கொதிக்கவைத்தேன். ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஸ்பூனால் கொடுத்தேன். உறிஞ்ச அவருக்குத் தெம்பில்லை. நாக்கை மட்டும் அசைத்தார், மெல்லச் சுற்றினார், கன்னத்தில் நிறுத்தினார். நான் வழக்கம்போலத் தட்டைத் தாடைக்குக் கீழே பிடித்தேன்.

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விழுங்கிவிட்டார்.

பிறகு அசிஸ்டென்ட் பக்கம் கண்ணைத் திருப்பி, "போடலாம்" என்றார். இன்னும் இரண்டு ஸ்பூன் கொடுத்தேன், அதையும் விழுங்கினார். டார்ச் அடித்துப் பார்த்தபோது நாக்கு லேசாகப் பழுப்பேறியிருந்தது. அன்று நான் அதைத் துடைக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் போய்விட்டார்.

மழைச்சாரலில் லைன் ஆட்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். எடுப்பதற்கு முன் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். தட்டில் அரிசியைப் பிசறி வைத்தார்கள். அவருடைய அக்கா முதலில் கையை நீட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்த வாய்க்குள் எல்லாரும் கையை வைக்கப் போகிறார்கள். கொதிக்கவைக்காத தண்ணீர் ஒரு சொட்டுப் போகாமல் நான் காத்த வாய். ஒரு புண் இல்லை, ஒரு வெள்ளைப் புள்ளி இல்லை. எனக்கே தெரியாமல் குரல் வந்துவிட்டது.

"கை கழுவீட்டீங்களாங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செய்தி கேட்டு வந்திருந்த என் மகள் என் தோளைப் பிடித்தாள். நான் சொன்னது எனக்கே புரிந்தது, ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ள முடியவில்லை. வரிசையில் பின்னால் நின்றிருந்த அசிஸ்டென்ட் வாசலுக்குப் போனார். பக்கெட் அங்கேயேதான் இருந்தது. சோப்பை எடுத்து, விரலுக்கு விரல் தேய்த்து, நிதானமாகக் கழுவிவிட்டு வந்தார். என் கணவருடைய அக்கா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அவரும் எழுந்து வாசலுக்குப் போனார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எல்லாரும் போனார்கள்.